வாடையும் சுத்தமும்: ஒரு பூனைப் பெட்டியை முன்வைத்து

வேடசந்தூரில் எங்கள் தெருவுக்கு இருப்பது ஒரே ஒரு பூனைப் பெட்டி. சாம்பல் நிறப் பிளாஸ்டிக், முன்பக்கம் கம்பிக் கதவு, மேலே கைப்பிடி. என் பூனைக்காக வாங்கியது என்றாலும் என் வீட்டில் அது தங்கும் நாள் குறைவு. எந்த வீட்டுப் பூனைக்காவது காலில் அடிபட்டால், கருத்தடைக்காகத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தால், "அக்கா, பெட்டி இருக்கா?" என்று ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கும். இந்தப் பெட்டி வருவதற்கு முன்பெல்லாம் கட்டைப்பையிலும் சாக்கிலும் வலை கட்டிய தக்காளிப் பெட்டியிலும்தான் பூனைகள் மருத்துவமனைக்குப் போய்வந்தன. அதனால் யாருக்கும் நான் இல்லையென்று சொல்வதில்லை. திரும்பி வரும்போது பெட்டி பெரும்பாலும் பினாயில் வாசத்தோடு வரும். கழுவித்தான் தந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த வாசமே அத்தாட்சி.

அந்த அத்தாட்சியை நானும் நெடுநாள் நம்பினேன். ஒருமுறை வாந்தியும் பேதியுமாகக் கிடந்த ஒரு குட்டி அந்தப் பெட்டியில் போனது, பிழைக்கவில்லை. பெட்டி பினாயில் போட்டுக் கழுவப்பட்டுத்தான் வந்தது. அடுத்து அதில் போன இன்னொரு வீட்டுக் குட்டிக்கும் சில நாளில் அதே வாந்தி, அதே பேதி. பெட்டிதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தெருவில் நோய் பரவ வேறு வழிகளும் உண்டு. ஆனாலும் அன்றிலிருந்து, மளிகைக் கடையில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பினாயில் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டையும் ஒன்றாக நினைக்க என்னால் முடியவில்லை.

இரண்டுக்கும் பிறந்த கதை உண்டு. வியப்பு என்னவென்றால், இரண்டு கதையும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைத் தொட்டே போகின்றன. 1799இல் அங்கே சார்லஸ் டெனன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். துணியை வெளுப்பதற்காகவே செய்த பொடி அது. அதற்குமுன் ஐரோப்பாவில் துணியைப் புல்வெளியில் விரித்து, வெயிலும் புளித்த பாலும் கொண்டு மாதக்கணக்கில் வெளுத்தார்கள். நூற்பாலைகளை நம்பி வாழும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பின் நஷ்டத்தை விளக்கத் தேவையில்லை. 1847இல் வியன்னாவின் மருத்துவர் செம்மல்வைஸ் அதே பொடியை, அதாவது குளோரின் சுண்ணாம்பைக் கரைத்து, பிரேத அறையிலிருந்து பிரசவ அறைக்குப் போகும் மருத்துவர்களைக் கைகழுவ வைத்தார். பிரசவித்த தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கையில் ஒட்டிய பிரேத நாற்றத்தை அது போக்கியதுதான்.

பினாயிலின் மூதாதை கார்பாலிக் அமிலம், நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தை அடக்க அதைப் பயன்படுத்திய செய்தி தெரிந்துதான் 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் ஒரு சிறுவனின் உடைந்த காலில் அதை வைத்துக் கட்டினார். அறுவைச் சிகிச்சையின் வரலாறே அங்கே திரும்பியது. ஆக, நோயைத் தடுக்க இரண்டையும் மனிதர்கள் முதலில் தேடிப்போனது மூக்கை நம்பித்தான். அவர்களுக்கு அன்று வேறு வழி இல்லை. கிருமி என்றால் என்ன என்று தெரிந்த பிறகும் நாம் மூக்கை நம்புவதுதான் எனக்கு ஆறவில்லை.

பூனையின் உடம்பைப் பார்ப்போம். மனிதக் கல்லீரல் கார்பாலிக் அமிலம் போன்ற பினால் வகை நச்சுகளை ஒருவிதச் சர்க்கரையோடு பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்தப் பிணைப்பைச் செய்யும் மரபணுக்களில் முக்கியமான ஒன்று பூனைக்கு வேலை செய்வதில்லை. வேட்டையாடித் தின்று வாழ்ந்த இனம். செடிகொடிகளின் நச்சைக் கழிக்கும் தேவை அதற்கு வரவில்லை என்கிறார்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம். கறுப்புப் பினாயிலில் இருப்பது தார் வழி வந்த பினால்கள். வெள்ளைப் பினாயிலில் பைன் எண்ணெய். அதுவும் பூனைக்கு ஆகாது. தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் டெட்டாலில் இருப்பதும் பினால் குடும்பத்துச் சரக்கே. பெட்டிக்குள் பூனை பாதம் ஊன்றி நிற்கும், படுக்கும், பயத்தில் சிறுநீர் விடும். வீட்டுக்கு வந்ததும் பாதத்திலிருந்து வால்வரை நக்கித் துடைக்கும். தரையில் நாம் விடுவது தரையோடு போகும். பெட்டியில் விடுவது அதன் வயிற்றுக்குப் போகும். எச்சில் ஒழுகல், வாய்ப்புண், நடுக்கம் எல்லாம் அதன்பின் வருபவை.

கிருமியின் பக்கம் நிலைமை தலைகீழ். குட்டிகளை வாந்தி பேதியில் கொண்டுபோகும் பான்லூக்கோபீனியா வைரஸ், நாய் வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பார்வோவின் நெருங்கிய உறவு. நாய்ப் பார்வோ உலகில் தலைகாட்டியது 1978 வாக்கில். பூனையின் நோய் அதைவிட மூத்தது. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் பினாயிலும் சாராயமும் தரை துடைக்கும் வாசனைத் திரவங்கள் பலவும் அதைத் தொடுவதில்லை. அழுக்கோடு ஒட்டி வீட்டுக்குள் ஓராண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அதை அழிக்கும் மலிவான பொருள் குளோரின். எந்த உயிரைக் காக்க நினைக்கிறோமோ அதற்கு நஞ்சு, எதைக் கொல்ல நினைக்கிறோமோ அதற்கு ஒன்றுமில்லை என்று பூனைப் பெட்டியில் பினாயில் இரண்டு பக்கமும் தோற்கிறது.

பினாயிலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. கழிப்பறைக்கும் சாக்கடை ஓரத்துக்கும் அது நல்ல பொருள். அழுக்கு இருந்தாலும் பாக்டீரியாக்களிடம் ஓரளவு வேலை செய்யும்; ஆண்டுக்கணக்கில் கெடாது; இரும்பை அரிக்காது. பிளீச்சிங் பவுடருக்கு இந்தப் பொறுமை கிடையாது. அழுக்கைக் கண்டால் குளோரின் அதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. பாக்கெட்டைத் திறந்து வைத்தால் வீரியம் நாளுக்கு நாள் போகும். கம்பிக் கதவைத் துருப்பிடிக்க வைக்கும். சிறுநீர் காயாத பெட்டியில் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஆசிட்டோடோ ஹார்பிக்கோடோ சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். அது உயிருக்கு ஆபத்து.

ஆகவே பிளீச்சிங் பவுடரை நம்பலாம், ஆனால் அதற்கு முன் வேலை இருக்கிறது. பெட்டியின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் கழற்ற வேண்டும். மில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் உள்ளே மெத்தையாக வேஸ்ட் பஞ்சைப் போடுவார்கள். நோய்ப்பட்ட பூனை படுத்த பஞ்சைத் துவைக்க நினைக்காமல் எரித்துவிடலாம். பிறகு சோப்புத்தூளும் பிரஷும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரை வராது. நல்ல தண்ணீர் ஒரு குடம் இதற்கு ஒதுக்கத்தான் வேண்டும். பாதி வேலை இதுதான் என்பேன். கதவின் கீல், காற்றுத் துளை, இரண்டு பாதியும் கவ்வும் பள்ளம் ஆகிய இடங்களில்தான் காய்ந்த மலமும் முடியும் ஒளிந்திருக்கும்.

சோப்பு போகக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர். புதிய பவுடரில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 5 கிராம் போதும். ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இறுத்து, கையுறை போட்டுக்கொண்டு, திறந்த இடத்தில் பெட்டி முழுக்க நனைக்க வேண்டும். 10 நிமிடம் ஈரம் காயக்கூடாது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் இதை நிழலில் செய்து, இடையிடையே மறுபடி நனைத்துவிடுகிறேன். வெயில் அதற்கு அப்புறம்: மூன்று தண்ணீரில் அலசி, கம்பிக் கதவைத் துணியால் துடைத்து, வாடை துளியும் இல்லாமல் போகும்வரை காயப்போடும்போது. கரைத்த தண்ணீரை மறுநாளுக்கு வைத்தால் பயனில்லை.

மூங்கில் கூடையும் துணிப் பையும் இந்த ஆட்டத்திலேயே இல்லை. இழைக்குள் ஊறியதை எந்த மருந்தும் முழுசாக எட்டாது.

ஆரோக்கியமான பூனை போய்வந்தால் இவ்வளவும் வேண்டாம். சோப்பும் வெயிலும் போதும். ஒவ்வொரு முறையும் குளோரினை ஊற்றுவது பூனைக்கும் நல்லதில்லை, கதவுக்கும் நல்லதில்லை. அதனால் பெட்டி வாங்க வருபவர்களிடம் இப்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "கழுவாமலேயே குடுங்க, பரவாயில்ல. ஆனா வாந்தி பேதின்னா மறைக்காம சொல்லிருங்க." குட்டி செத்த வீட்டில் அதைச் சொல்லச் சங்கடப்படுகிறார்கள். தங்கள் மேல் பழி வருமோ என்று பயப்படுகிறார்கள். போன மாதம் ஓர் அம்மா பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பெட்டியைக் கழற்றினேன்.