திரும்பக் கிடைத்த சன்னது

1912 டிசம்பர் 24ஆம் தேதி வ.உ.சிதம்பரம் பிள்ளை கண்ணனூர் சிறையிலிருந்து விடுதலையானார். நாலரை ஆண்டுகளுக்கு முன் அவர் கைதானபோது திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. வெளியே வந்த அன்று வரவேற்க நின்றவர்கள் சிலர்தான். சுதேசிக் கப்பல் கம்பெனி அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல், கலைக்கப்பட்டுவிட்டது. வெள்ளையர் கம்பெனியை எதிர்த்து அவர் ஓட்டிய கப்பல்களும் கைமாறியிருந்தன.

1908 ஜூலை 7 அன்று அமர்வு நீதிபதி பின்ஹே அவருக்கு மேடைப் பேச்சுக்காக இரண்டு ஆயுள் தண்டனைகளை, மொத்தம் நாற்பது ஆண்டு, விதித்தார். பிரிட்டனிலேயே பலர் முகம்சுளித்த தீர்ப்பு அது. மேல்முறையீட்டில் படிப்படியாகக் குறைந்து கடைசியில் ஆறாண்டுக் கடுங்காவலில் வந்து நின்றது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்ததைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆனால் விடுதலைக்குப் பிறகு அவர் வாழ்ந்த இருபத்துநான்கு ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. செக்கைவிட நெடுங்காலம் அவரை வருத்தியது அந்தப் பிற்பகுதிதான்.

பிள்ளையவர்களுக்குத் தெரிந்த தொழில் வக்கீல் தொழில். குற்றத் தீர்ப்போடு, வக்கீலாக வாதாட உரிமை தரும் அவரது சன்னது போயிற்று. 1879ஆம் ஆண்டின் வக்கீல்கள் சட்டப்படி, ஒழுக்கக் குறைவைக் காட்டும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வக்கீலை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருந்தது. மேடையில் பேசியது எந்த வகையில் ஒழுக்கக் குறைவு? அரசு அப்படித்தான் கருதியது. தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு எத்தனை ஆண்டுக்குப் பின் சன்னது திரும்பும் என்று கெடு எதுவும் சட்டத்தில் கிடையாது.

சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப வழியில்லாமல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று வீடு மாறினார். மளிகை விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். ஒரு காலத்தில் தூத்துக்குடியில் ஏழைகளுக்குக் கட்டணமின்றி வாதாடியவர் வீட்டில் அடுப்பெரிவதே பாடாயிற்று. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு 1915இலும் 1916இலும் அவர் எழுதிய கடிதங்களைப் படிப்பவர்களுக்கு மனம் கனக்கும். கேட்பதற்குக் கூச்சம் ஒருபக்கம், கேட்காமல் முடியாத வறுமை மறுபக்கம். இறுதியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. இத்தனைக்கும் நடுவே அவர் தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் விடவில்லை.

பின்னர் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வருமானம் போதவில்லை. சன்னதைத் திருப்பித் தரும்படி விண்ணப்பித்தார். நீதிபதி ஈ.எச்.வாலஸ் அதற்கு இசைந்தார். 1920களில் கோவில்பட்டியில் பிள்ளையவர்கள் மீண்டும் கறுப்பங்கி அணிந்தார். பின்பு தூத்துக்குடிக்கு மாறி, 1936 நவம்பர் 18 அன்று இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நன்றிக்கடனாகக் கடைசி மகனுக்கு அவர் வைத்த பெயர் வாலேஸ்வரன். வெள்ளையர் ஆட்சியால் ஒடுக்கப்பட்ட மனிதர், ஒரு வெள்ளை நீதிபதியின் பெயரைத் தன் வீட்டுப் பிள்ளைக்குச் சூட்டினார். அந்த அளவுக்குப் பெரிய உதவியாக அது அவருக்குப் பட்டிருக்கிறது.

வாலஸின் நல்ல மனதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் தண்டனை முடிந்தவர் பிழைப்பு நடத்துவது ஒரு நீதிபதியின் நல்ல மனதை நம்பி இருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்?

சுதந்திர இந்தியா வக்கீல்களுக்கு இதைச் சரிசெய்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் பின்னர் சேர்த்த ஒரு பிரிவின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை தானாகவே விலகும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேர்தலில் நிற்கவும் இப்படி ஒரு கெடு உண்டு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறாண்டு ஆனதும் மறுபடி போட்டியிடலாம்.

அரசிடம் தண்டனைக் குறைப்பு பெற்றால் எல்லாம் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓர் அசாம் வழக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஒருவரை அரசு தண்டனைக் குறைப்பு வழங்கி முன்கூட்டியே விடுவித்தது. அவர் தேர்தலில் போட்டியிட மனுத் தாக்கல் செய்தார். அனுபவித்த காலம் குறைந்ததே தவிர, நீதிமன்றம் விதித்த தண்டனை அப்படியே இருக்கிறது, ஆகவே தகுதியிழப்பும் இருக்கிறது என்றது நீதிமன்றம். கதவைத் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் உண்டு. ஏட்டில் எழுதியதை அது தொடவில்லை.

அந்த ஏட்டைத் தொடும் சட்டங்கள் இந்தியாவில் ஒன்றிரண்டே. நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பால் வேறு எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். சிறார்களைப் பொறுத்தவரை, 2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், கொடிய குற்றங்கள் சில நீங்கலாக, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களையே அழித்துவிடச் சொல்கிறது.

பதினெட்டு வயது தாண்டியவருக்கு அப்படிப் பொதுச் சட்டம் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் இருக்கிறது. கார்டினர் பிரபு தலைமையிலான குழுவின் 1972ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1974இல் அங்கே சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் புதிதாகக் குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் இரண்டரை ஆண்டு வரையிலான சிறைத்தண்டனைகளுக்கே அந்தச் சலுகை இருந்தது, பின்னாளில் விரிந்தது.

நம் ஊரில் வேலைக்கு எடுக்குமுன் போலீஸ் விசாரணைப் படிவத்தில் பழைய வழக்கைக் கேட்பார்கள். எழுதினால் வேலை போகும், மறைத்தால் மறைத்ததற்காகவே போகும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சில்லறைக் குற்றங்களை மறைத்திருந்தால், வேலை தருபவர் விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. விரும்பினால் மட்டும்தான். வழக்கறிஞருக்கும் வேட்பாளருக்கும் கெடு வைத்த சட்டம், காவலாளி வேலைக்கோ ஓட்டுநர் வேலைக்கோ போகிறவருக்கு இன்னும் வைக்கவில்லை. அதை வைக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் வேலை.