பீட்டா தடுப்பிகள்

பீட்டா தடுப்பிகள் என்பவை பரிவு நரம்புத் தொகுதியின் தூண்டலைப் பெறும் பீட்டா வகை ஏற்பிகளில் அமர்ந்துகொண்டு, அட்ரினலினும் நோர்-அட்ரினலினும் அங்கு இணையாதவாறு தடுக்கும் மருந்துகள் ஆகும். மாரடைப்பு, இதய வலி, சீரற்ற இதயத் துடிப்பு, உயர் குருதி அழுத்தம் முதலியவற்றுக்கு இவை வழங்கப்படுகின்றன. புரோப்பிரனலோல், அட்டெனலோல், மெட்டோபுரொலோல், பிசோபுரொலோல் ஆகியன பரவலாக அறியப்பட்டவை.

ஏற்பிகள்

அச்சம், சினம், கடும் உழைப்பு ஆகிய வேளைகளில் பரிவு நரம்பு முனைகள் நோர்-அட்ரினலினையும், அண்ணீரகச் சுரப்பி அட்ரினலினையும் வெளிவிடுகின்றன. இவற்றின் விளைவு, உறுப்பில் உள்ள ஏற்பியைப் பொறுத்தது. ஆல்பா-1 ஏற்பி குருதிக் குழாய்களைச் சுருக்கும். பீட்டா-1 இதயத்தை விரைந்தும் வலுவாகவும் துடிக்கச் செய்யும். பீட்டா-2 மூச்சுக்குழாய்களைத் தளர்த்தி விரிக்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சப்படும் சால்பியூட்டமால் இந்த ஏற்பியைத் தூண்டுவதாலேயே பயன் தருகிறது.

வரலாறு

ஆல்பா, பீட்டா என்னும் பிரிவை 1948 இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் அல்குவிஸ்ட் முன்வைத்தார். அக்கருத்து பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய இசுக்காட்லாந்தியரான ஜேம்ஸ் பிளாக் அதைக் கையிலெடுத்தார். இதய வலிக்குக் குருதியோட்டத்தைக் கூட்ட அக்கால மருத்துவர்கள் முயன்றனர். இவரோ இதயத்தின் ஆக்சிசன் தேவையைக் குறைக்க எண்ணினார். முதலில் உருவான புரோனெத்தலோல் சுண்டெலிகளில் கட்டிகளை ஏற்படுத்தியதால் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 1960களின் நடுவில் புரோப்பிரனலோல் வந்தது. பிளாக் 1988 இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தீங்குகள்

புரோப்பிரனலோல் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் தடுக்கிறது. எனவே ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரே மாத்திரையும் மூச்சுக்குழாயை இறுக்கி உயிராபத்தை விளைவிக்கலாம். அவ்வேளையில் சால்பியூட்டமாலும் சரிவர வேலை செய்யாது. அட்டெனலோல் போன்றவை பீட்டா-1 ஐயே பெரிதும் நாடினாலும், அளவு கூடும்போது அவ்வேறுபாடு மங்கிவிடும். கண் அழுத்த நோய்க்கு இடப்படும் டிமலோல் சொட்டு மருந்தும் விலக்கன்று. கண்ணீர்க் குழாய் வழியே மூக்கை அடைந்து அது குருதியில் கலக்கிறது. கண்ணுக்குத்தானே என்று நோயாளிகள் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

நீரிழிவு நோயாளிகளில் சர்க்கரை தாழ்வதை உணர்த்தும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைக்கும். வியர்வை மட்டும் மறையாது.

நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தக் கூடாது. தடுக்கப்பட்டிருந்த காலத்தில் உயிரணுக்கள் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கும். மருந்து நீங்கியதும் வழக்கமான அட்ரினலினே மிகையாகச் செயற்பட்டு இதய வலியையோ மாரடைப்பையோ தூண்டலாம்.

அட்ரினலினை மிகுதியாகச் சுரக்கும் அண்ணீரகக் கட்டியில் வரிசை முக்கியமானது. முதலில் ஆல்பா தடுப்பி, பின்னரே பீட்டா தடுப்பி. மாற்றிக் கொடுத்தால் குழாயை விரிக்கும் பீட்டா-2 அடைபட்டு, சுருக்கும் ஆல்பா மட்டும் எஞ்சி, குருதி அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும்.

இதயச் செயலிழப்பில்

தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தும் என்று அஞ்சி, இதயச் செயலிழப்பில் இவை நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தன. 1975 இல் சுவீடன் மருத்துவர்கள் சில நோயாளிகளிடம் நற்பயனைக் கண்டு வெளியிட்டபோதும் ஐயம் தீரவில்லை. 1999 இல் வெளியான சிபிஸ்-2 ஆய்வில் 2,647 பேர் பங்கேற்றனர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 17.3 விழுக்காட்டினரும், பிசோபுரொலோல் பெற்றவர்களில் 11.8 விழுக்காட்டினரும் இறந்தனர். இன்று நிலைப்பட்ட நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்தி இம்மருந்து வழங்கப்படுகிறது.