நடுச்சுவர்

திருநெல்வேலி என்பது ஒரு பெயர், ஊர் இரண்டு. ஆற்றுக்கு மேற்கே டவுன், கிழக்கே பாளையங்கோட்டை. 1843ல் கட்டி முடிந்த சுலோசன முதலியார் பாலம் இரண்டையும் சேர்த்து வைத்தது. ஆனால் வீடு என்றால் என்ன என்ற விஷயத்தில் மட்டும் இரு கரைகளுக்கும் ஒத்துப்போகவே இல்லை.

டவுனில் வீடு தெருவோடு ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டோடும் ஒட்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் வராது. மேலிருந்து முற்றத்தில் இறங்கும். இன்னும் நெருக்கம் வேண்டுமானால் வளவு இருக்கிறது. ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம், பத்துக் குடித்தனம், எல்லோருக்கும் ஒரே கிணறு. கதை எழுதிப் பிழைக்கிற என் போன்றவனுக்கு இந்த நடுச்சுவரைவிடப் பெரிய உபகாரி கிடையாது. அடுத்த வீட்டு மாமியார் சொன்னதும் மருமகள் சொல்லாமல் விட்டதும் அதன் வழியாகத்தான் வந்து சேரும்.

பாளையங்கோட்டைக் கதை வேறு. 1820ல் ரேனியஸ் பாதிரியார் அங்கே வந்து மிஷன் வேலையை ஆரம்பித்தார். பாதிரிமாரும் துரைமாரும் குடியிருந்த வீடு வேறு ஜாதி. நடுவே பங்களா, நான்கு பக்கமும் தோட்டம், அதைச் சுற்றி ஒரு மதில். பிற்காலத்தில் நகரமைப்புச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களின் மனக்கண்ணில் நின்றது இந்த வீடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டவுன் வீடு நிற்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் வீடுகள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டன? நஞ்சை அங்கே பொன். விளைகிற நிலத்தில் வீடு பரப்ப எவனுக்கும் மனம் வராது. நடுச்சுவர் பொதுவானால் செங்கலும் சுண்ணாம்பும் மிச்சம். இரண்டு பக்கத்து வெயிலும் மிச்சம். தொழிலும் அதே கூரைக்கடியில் நடந்தது. பத்தமடையில் கோரைப் பாய், வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், எல்லாம் வீட்டுக்குள் பிறந்த சரக்கு. டவுன் ரத வீதிகளில் முன்னால் கடை. பின்னாலோ மச்சிலோ குடித்தனம். இது கடை, இது வீடு என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் முடியாது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தச் சுவர்கள் ஜாதி பார்த்துத்தான் ஒட்டின. இன்னார் தெருவில் இன்னார்தான் இருக்கலாம், இன்னார் நடக்கவே கூடாது என்று நம் முன்னோர் பிரித்த கறாருக்கு முன்னால் பிற்காலத்து மண்டலச் சட்டமெல்லாம் பால்மணம் மாறாத குழந்தை.

சட்டம் வந்ததற்கும் நியாயம் உண்டு. 1666ல் லண்டன் எரிந்தது. மறு வருஷம் போட்ட சட்டம், ஒட்டிய வீட்டைத் தடுக்கவில்லை. வெளிச்சுவரும் நடுச்சுவரும் செங்கல்லோ கல்லோதான், மரம் கூடாது என்றது. பம்பாய்க்கு 1896ல் பிளேக் வந்தபோது பயம் வேறு திசையில் போயிற்று. 1898ல் ஏற்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெருங்கிய வீடுகளை இடித்துத் தள்ளியது. இடித்ததோடு நிற்காமல், அறைக்குள் வெளிச்சம் வர எதிர்க் கட்டிடம் இவ்வளவுதான் உயரலாம் என்று 63½ டிகிரிக் கோணக் கணக்கும் வைத்தது. வீட்டுக்கு வீடு இடைவெளி என்பது அன்றுமுதல் சுகாதாரத்தின் மறுபெயர் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914ல் இந்தியாவுக்கு வந்து மதுரை, தஞ்சாவூரெல்லாம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இடிக்காதீர்கள். வைத்தியன் கத்தியைப்போல் வேண்டிய இடத்தில் மட்டும் கை வையுங்கள் என்பது அவர் கட்சி. பாராட்டினார்கள். 1920ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971ல் அதன் இடத்துக்குத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. குடியிருப்பு ஒரு நிறம், வியாபாரம் ஒரு நிறம் என்று வரைபடங்களுக்கு வர்ணம் தீட்டினார்கள். 1916ல் நியூயார்க் கைக்கொண்ட பழக்கம் அது.

டவுனில் ஒரு மனையின் அகலம் பதினைந்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் விடச் சொன்னால் மிச்சம் எட்டரை அடி. அதில் சுவர் கனம் போக, கட்டில் போட்டால் ஆள் நிற்க முடியாது. ஆகவே மனுஷர்கள் இரண்டில் ஒன்று செய்தார்கள். சட்டத்தை மீறிக் கட்டினார்கள். அல்லது வீட்டை முழுக்கக் கடைக்கு விட்டுவிட்டுப் புறநகர்க் காலனிக்குப் போனார்கள்.

இதற்குள் நம்மவர்கள் கடல் தாண்டியும் ஒட்டுவீட்டில் வாழ்ந்தார்கள். கடையநல்லூர் முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூருக்குப் போய்த் தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். கீழே கடை, மேலே குடித்தனம், வரிசை முழுக்க ஒரே சுவர்த்தொடர், முன்னால் மழைக்கு நனையாமல் நடக்கத் தாழ்வாரம். இந்தத் தாழ்வாரத்தை 1822லேயே ராபிள்ஸ் துரை நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கியிருந்தார். இடையில் அந்த ஊரும் நிறைய இடித்தது. பிறகு 1989ல் சைனா டவுன், லிட்டில் இந்தியா முதலிய வட்டாரங்களைப் பாதுகாக்க வேண்டிய பகுதிகளாக அறிவித்தது. இன்று அந்த வரிசைகளில் வாடகை கேட்டால் மயக்கம் வரும்.

நம் நாட்டிலும் விதி இளகியிருக்கிறது. 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், தொடர் கட்டிடப் பகுதி என்று ஒன்றை ஒப்புக்கொள்கின்றன. அப்படிக் குறித்த இடத்தில் பக்கவாட்டில் இடம் விடவேண்டாம். வணிக மண்டலத்திலும் குடியிருக்கலாம். காகிதத்தில் டவுன் வீட்டுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது.

தெருவில் வருமா? ராத்திரி கடை அடைத்த பிறகு ரத வீதியில் நின்று மேலே அண்ணாந்து பாருங்கள். ஜன்னல்களில் பெரும்பாலும் விளக்கு இல்லை. மச்சில் துணி மூட்டையும் பாத்திர அட்டைப்பெட்டியும் குடியிருக்கின்றன. முதலாளிகளுக்குக் குடித்தனம் வைப்பதில் ஆட்சேபம் இல்லை, மாடிப்படிதான் வில்லங்கம். பழைய படி கடைக்குள்ளிருந்து ஏறுகிறது. ஷட்டரை இழுத்துப் பூட்டினால் மேலே இருப்பவனுக்கு வழி கிடையாது. தெருவிலிருந்து தனிப் படி வைக்கவேண்டுமானால் கடைமுகப்பில் மூன்றடி போகும். அந்த மூன்றடிக்குத் தீபாவளி மாசத்து வியாபாரம் என்ன, மச்சுக் குடித்தனக்காரன் தரப்போகும் வருஷ வாடகை என்ன என்று முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.