சாந்து பூசவும் ஆணை வேண்டுமாம்!

மார்கழி முடியப் பத்து நாள் இருக்கும்போதே கீழ்பென்னாத்தூருக்குப் பொங்கல் வந்துவிடுகிறது. கரும்பு வருமுன், புதுப்பானை வருமுன், சுண்ணாம்பு வந்துவிடுகிறது! திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டிறங்கித் தெருக்களுக்குள் நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் பெட்டியும் பாயும் பரணில் கிடந்த பண்டமும் வாசலுக்கு வந்திருக்கும். அடுத்த வீட்டில், கடையில் வாங்கிய பெயிண்டு வாளி திறந்திருக்கும். அதற்கும் அடுத்த பழைய ஓட்டு வீட்டில், தொட்டியிலே சுண்ணாம்புக் கல் கொதித்துப் புகைந்துகொண்டிருக்கும். மகள் வருவாள், மருமகன் வருவார், பேரப்பிள்ளைகள் வருவார்கள். வருவோர் கண்ணுக்குச் சுவர் வெளுத்திருக்க வேண்டாமா? விரலிடுக்கில் வெண்புள்ளிகளோடு வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளைக் கண்டே, யார் வீட்டில் வேலை தொடங்கிவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

அழுக்குச் சுவரை வெளுக்கிறார்கள். இதிலே என்ன வரலாறு என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழரே! சுவரில் சாந்து பூசிக்கொள்ளவும் அரசன் ஆணை வேண்டியிருந்த வரலாறு இருக்கிறது.

சுண்ணாம்பு நமக்கு நேற்று வந்த பொருளன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனையைக் காட்டுமிடத்தில், வெள்ளி போல ஒளிரும் சுதையையும் பூங்கொடி எழுதிய சுவரையும் நக்கீரர் நமக்குக் காட்டுகிறார். சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. நம் ஊருக்குக் கிழக்கே, செஞ்சியைக் கடந்து விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதையும் இல்லை; இவை இன்றியே எழுப்பினேன் என்று கல்லிலே பொறித்து மகிழ்ந்தான். இந்த நான்கும் இல்லாமல் கட்டியது வியப்பு என்றால், இவற்றைக் கொண்டு கட்டுவதே அந்நாளின் வழக்கம் என்றுதானே பொருள்!

ஆனால் யாருக்கு வழக்கம்? அரண்மனைக்கு வழக்கம், ஆண்டவன் மனைக்கு வழக்கம். உழைப்பவன் வீட்டுக்கு?

கருவூருக்கு வாருங்கள். பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டொன்று, ஹுல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 1899 ஆம் ஆண்டே அச்சேறியிருக்கிறது. தனக்கு நிகரான அரசன் இல்லை என்று பொருள்படும் ‘கோனேரின்மைகொண்டான்’ என்ற பட்டம் பூண்ட மன்னன், கம்மாளர்க்கு விடுத்த ஆணை அது. தன் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு ஆடித் திங்கள் முதல் அவர்களுக்குச் சில உரிமைகளை அவன் வழங்குகிறான். நன்மைக்கும் தின்மைக்கும், அதாவது திருமணத்துக்கும் சாவுக்கும், இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம்! இதுபோன்ற ஆணை பேரூரிலும் கிடைத்திருக்கிறது.

கம்மாளர் என்போர் யார்? தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பியர். மன்னனுக்கு மாளிகை சமைத்த கை அவர்கள் கை. கடவுளுக்குக் கற்றளி எழுப்பிய உளி அவர்கள் உளி. ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பிவிட்டு, தன் வீட்டு மண்சுவருக்குள் குனிந்து நுழைந்தான் அந்தக் கலைஞன். மன்னனின் கொடைச் சிறப்புக்குச் சான்றாக இந்தக் கல்வெட்டைக் காட்டிப் பூரிப்பார் உண்டு. பூரிக்கட்டும்! இல்லாததைத்தானே கொடுக்க முடியும்? ஆணைக்கு முந்திய நாள் வரை பூசக்கூடாது என்றிருந்ததை அந்தக் கல்லே ஒப்புக்கொள்கிறதே! ஆடி முதல் நாளுக்கு முன்பு பூசியிருந்தால் அந்தச் சாந்து சுவரில் ஒட்டாதோ? சுண்ணாம்புக்குச் சாதி தெரியாது, தடுத்தவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

இது வெறும் அழகுக்கான சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். சுட்ட கல்லில் நீர் விட்டால் அது கொதித்துக் கூழாகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல உட்கொண்டு மறுபடியும் கல்லாகவே இறுகிவிடுகிறது. அதன் காரம் நோய்க் கிருமிகளைக் கொல்லும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து பல தலைமுறை நிற்கும். மண்சுவரோ ஒவ்வொரு மழைக்கும் கரையும். வெடிப்பிலே பூச்சி குடியேறும். எனவே சாந்தை மறுத்தவர்கள் வெண்மையை மட்டும் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் தன் குடிசையைத் தானே தூக்கி நிறுத்தும் வேலையை அவன் தலையில் கட்டினார்கள்.

மன்னராட்சிக் காலத்துக் கொடுமை, அத்தோடு போயிற்று என்று பெருமூச்சு விடவும் வழியில்லை. திருவிதாங்கூரில் நாடார் மக்கள் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, வீட்டின்மேல் மாடி எழுப்பலாகாது என்றிருந்தது. பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 ஆம் ஆண்டு ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. வீட்டிலே மண்கலம் தவிர வேறு ஏனம் புழங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. கல்வெட்டுக் காலமல்ல, செய்தித்தாள் காலம்! சாதி வேறுபாடின்றி நூறு வீடுகளை ஒரே வளாகத்தில் எழுப்பும் பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம் 1997 இல் தொடங்கப்பட்டபோது, வீட்டுக்கு எதற்குக் கொள்கை என்று கேட்டவர்கள் கருவூர்க் கல்வெட்டைப் படித்திருக்க மாட்டார்கள்.

இன்று கடையில் கேட்ட நிறம் கிடைக்கிறது. யாருக்கும் ஓலை வரவேண்டியதில்லை. (வாங்கும்போது ஈயம் கலவாததா என்று மட்டும் பாருங்கள். பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016 இல் விதி வந்திருக்கிறது. சுவரைச் சுரண்டி வாயில் வைக்கும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு.) ஆனால் வெள்ளையடித்த வீட்டுக்கு விருந்தாக வருகிறவர்கள் யார் என்பதைத்தான் நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் பார்க்கிறேன். சுவருக்கு வண்ணம் பூசியவனை வேலை முடிந்ததும் திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவன் கைபட்ட சுவர் உள்ளே இருக்கலாம். அவன் மட்டும் வெளியே!

சென்ற ஆண்டு இவ்வூரில் பழைய வீடொன்றில் வண்ணம் பூசுமுன் சுவரைச் சுரண்டினார்கள். மேலே ரோசா நிறம். அதனடியில் பச்சை டிஸ்டெம்பர். அதனடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு, ஏடு ஏடாக, ஆண்டுக்கு ஒன்றாக. எல்லாவற்றுக்கும் அடியில் சாணம் மெழுகிய மண். அந்த மண்ணின்மீது முதல் மட்டையைத் துணிந்து இழுத்த கைக்கு எந்த மன்னனும் கல்வெட்டு வைக்கவில்லை. வீட்டுக்காரப் பாட்டி மட்டும், “எங்க மாமனார் பூசினது” என்றார்.