கறுப்பு ஆயிலுக்கும் ஒரு விலை உண்டு

எண்பதுகளில் ஓசூர் சிப்காட் பக்கம் லாரிப் பட்டறையில் நான் வேலை பழகியபோது, இன்ஜின் சம்ப் நட்டைக் கழற்றி இறக்கிய ஆயிலைக் கழிவென்று யாரும் ஒதுக்கியதில்லை. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை போட்டது. அதே ஆண்டு டிவிஎஸ் மொபெட்டும் இங்கிருந்து வெளிவந்தது. சாலையில் வண்டி பெருகப் பெருகப் பட்டறை வாசலில் கறுப்பு ஆயிலும் பெருகியது, அதை வாங்க ஆட்களும் பெருகினார்கள்.

சென்ட்ரிங் வேலைக்காரர்கள் பலகையில் காங்கிரீட் ஒட்டாமலிருக்க வாங்குவார்கள். மாந்தோப்புக்காரர்கள் வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூசுவார்கள். விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பல் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மை செய்த வீட்டுப் பெரியவர்கள்கூட டப்பாவோடு வந்து நிற்பார்கள். புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்பதும் உண்டு.

அந்தத் தெளிப்புதான் எனக்கு இன்றும் பயம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சின்ன ஊர். எழுபதுகளில் அங்கே மண் சாலைகளில் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அதில் ஓர் இரசாயன ஆலையின் டையாக்சின் கழிவு கலந்திருந்தது. கடைசியில் 1983-ல் அரசே ஊரை விலைக்கு வாங்கி, சுமார் 2,000 பேரையும் காலிசெய்ய வைத்தது. பீப்பாயில் என்ன கலந்திருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது.

ஆயில் செத்துப்போவதில்லை. கரி, இரும்புத்தூள், தண்ணீர், டீசல் எல்லாம் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. பிரித்தெடுத்தால் மறுபடி அடிப்படை எண்ணெய் கிடைக்கும். பழைய ஆட்கள் கந்தக அமிலம் ஊற்றிக் களிமண்ணில் வடிகட்டினார்கள். எண்ணெய் தெளிந்தது, அடியில் தங்கிய அமிலச் சேற்றை எங்கே கொட்டுவது? சரியான வழி வெற்றிடத்தில் காய்ச்சி வடிப்பது.

1989-ல் அபாயக் கழிவு விதிகள் வந்தன. இன்றைய 2016 விதிகளின்படி, மறுசுத்திகரிப்புக்குப் போகும் ஆயிலில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது. இப்படிக் கலப்புக்கு வரம்பு இருப்பதால், கூலண்டையும் பிரேக் ஆயிலையும் அந்தப் பீப்பாயில் கலக்காதீர்கள் என்று பையன்களிடம் ஓயாமல் சொல்வேன். கூலண்ட் இனிக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். அதற்குத் தனி கேன் வேண்டும்.

இது எல்லை ஊர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அந்தப் பக்கத்து மறுசுத்திகரிப்பு ஆலைக்கு ஆயில் போனால் இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கூடப் போகும் சீட்டுக்கு ஏழு படிகள். ஏழாவதான சாம்பல் நிறப் படி, வேறு மாநிலத்துச் சரக்கு என்றால் மட்டும் அனுப்பியவரின் வாரியத்துக்குத் திரும்பி வரும். நல்ல ஏற்பாடு. எல்லை தாண்டுவது சரக்கு மட்டுமல்ல, அழுக்குத் தண்ணீரும்தான். தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது பெங்களூரைக் கைகாட்டுகிறோம். நம் சாக்கடையும் அதே தென்பெண்ணைக்குத்தான் வடிகிறது.

2024 ஏப்ரல் முதல் புதிய விதி: ஆயில் விற்கும் நிறுவனங்களே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு. முதல் ஆண்டு இலக்கு 5 சதவீதம், பிறகு படிப்படியாக ஏறும். வரவேற்கிறேன். ஆனால் பாகலூர் சாலையில் ஒற்றை ஷட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? யார் ரொக்கம் கொடுக்கிறாரோ அவரிடம்தான் பீப்பாய் போகிறது. உரிமம் பெற்றவர் அதே ரொக்கத்தோடு, வாரம் தவறாமல், சின்ன வண்டியில் அந்த வாசலுக்கு வரட்டும். நிறுவனங்கள் முதலில் செலவழிக்க வேண்டியது அந்த வண்டிக்குத்தான்.