அரசுரிமைப் போர்களும் நம் முத்துத்துறையும்

புதுக்கோட்டை வட்டாரத்தாராகிய நமக்கெல்லாம் தாய்வீடு கொற்கை. சேரன், சோழன், பாண்டியன் மூவரும் உடன்பிறந்தாராய் அங்கே ஒன்றாக ஆண்டு, பிணங்கிப் பிரிந்தார்கள் என்பது முன்னோர் வாய்மொழி. அருகிலுள்ள முக்காணி, அம்மூவரின் காணியாம். கதை எப்படியோ போகட்டும். பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பின் மதுரையில் முடிசூடிய வெற்றிவேற்செழியன் கொற்கையில் இருந்தவன் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கை முத்துக்குளிப்பைக் குறித்தது. தண்டனை பெற்ற கைதிகள் மூச்சடக்கி மூழ்கினார்களாம். நம் துறையின் பெருமை அவர்கள் உயிர்மூச்சில் எழுந்தது. முத்தை வாங்கிய ரோமும் அமைதியாக இல்லை: கி.பி. 69இல் கால்பா, ஓதோ, விட்டெலியஸ், வெஸ்பாசியன் என நால்வர் அடுத்தடுத்து அரியணையில் இருந்தனர்.

நம் நாட்டுக்கு அந்தச் சோதனை 1160களில் வந்தது. அரசுரிமை கோரிய குலசேகரன் மதுரையை முற்றுகையிட, அங்கே ஆண்ட பராக்கிரம பாண்டியன் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை வருமுன் பராக்கிரம பாண்டியனும் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். தப்பிய மகன் வீரபாண்டியனை இலங்கைத் தளபதி இலங்காபுரன் அரியணையில் ஏற்றினான். சோழர் குலசேகரனுக்குத் துணை வந்தனர். முடிவில் இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டது என்பது சோழர் தரப்புச் செய்தி. பிறகு குலசேகரன் இலங்கையோடு சேர, சோழர் வீரபாண்டியன் பக்கம் சாய்ந்தது தனிக்கதை!

ஆற்று வண்டலால் கடல் விலக, கொற்கையின் இடத்தைக் காயல் பெற்றது. 1268இல் பட்டமேறிய மாறவர்மன் குலசேகரன் காலம் அதன் பொற்காலம். ஏடன், ஹோர்முஸ் கப்பல்கள் குதிரைகளோடு வந்தன. மார்க்கோ போலோ அரசுரிமை பெற்ற ஐந்து சகோதரர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் போருக்கு எழும்போதெல்லாம் தாய் குறுக்கே நின்று, பாலூட்டிய முலைகளை அறுத்து மாய்வேன் என்று கத்தியெடுப்பாளாம். முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு, சுறாவைக் கட்டும் கடல்கட்டிக்கு இருபதில் ஒன்று என்ற கணக்கும் அவர் குறிப்பில் உண்டு.

தடுக்கத் தாயில்லாத நாளும் வந்தது. மாறவர்மன் குலசேகரன் தன் மகன் வீரபாண்டியனுக்குப் பட்டம் கட்ட முனைந்ததால், 1310இல் மற்றொரு மகன் சுந்தரபாண்டியன் தந்தையைக் கொன்றான் என்கிறார் பாரசீகர் வஸ்ஸாஃப். அண்ணன் தம்பிச் சண்டை ஓயுமுன்னே, 1311இல் மாலிக் காஃபூரின் படை மதுரைக்குள் நுழைந்தது. அரசு சிதைந்தது, முத்துக்குளிப்பு நின்றுவிடவில்லை.

தமிழறிஞர் கால்டுவெல் 1870களில் கொற்கையில் அகழ்ந்தார். அங்கே பழைய வன்னிமரம் ஒன்று இன்னும் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.