அம்மாவின் காதில் ஒரு குரல்

அடம் பிடிக்கும் குழந்தையை நிபுணரிடம் விட்டுவிட்டு, தாய் வெளியே காத்திருப்பாள். நெடுங்காலம் இதுவே வழக்கம். வாரம் ஒரு மணி நேரம் பழகும் அந்நியர், நாள் முழுதும் உடனிருக்கும் தாயைவிட எவ்வளவு சாதித்துவிட முடியும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்!

1964இல் அமெரிக்க உளவியலறிஞர் பெர்னார்ட் கெர்னி, விளையாட்டுச் சிகிச்சையைப் பெற்றோருக்கே கற்பிக்கும் முறையை வெளியிட்டார். அப்பத்தாண்டின் இறுதியில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற அம்மையார் மேலும் ஒரு படி சென்றார். தாயும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவர். ஒருபுறமிருந்து மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் பயிற்சியாளர் இருப்பார். அவர் மெல்லச் சொல்வது தாயின் காதிலுள்ள சிறு கருவியில் ஒலிக்கும். முதலில் குழந்தை இழுத்த வழியே விளையாட்டு. தாய் கட்டளையிடக் கூடாது, சில்லறைச் சேட்டைகளைக் கண்டுகொள்ளவும் கூடாது. தெளிவாகக் கட்டளையிடப் பழகுவது அடுத்த கட்டத்தில்தான். சேட்டைக்கெல்லாம் தாயின் வளர்ப்பே காரணம் என்று பலர் பழித்த காலம் அது. பழிப்பதை விட்டுப் பழக்கிக் காட்டியதே இவ்வம்மையாரின் பெருமை என்பேன்.

அவரிடம் பயின்ற ஷீலா ஐபெர்க், 1970களில் இம்முறையோடு விளையாட்டுச் சிகிச்சையின் கனிவையும் இணைத்தார். இதில் வீட்டுப்பாடமும் உண்டு, குழந்தைக்கல்ல, பெற்றோருக்கு! நாள்தோறும் 5 நிமிடம் அக்குழந்தையோடு மட்டும் விளையாட வேண்டும்.